போனைப் பிடித்திருக்கும் கை

வீட்டுக்கு இரண்டு கை வேண்டும். உள்ளங்கைகள் இரண்டையும் சாய்த்து விரல் நுனிகளை ஒட்டவைத்தால் ஓட்டுக்கூரை மாதிரி வரும், அதுதான் இந்தியச் சைகை மொழியில் வீடு. எங்கள் ஆன்லைன் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் எப்போதும் பாதிக் கூரைதான் போடுவான். வலது கை மட்டும் சாய்ந்து நிற்கும், இடது பக்கம் வானம் பார்த்த வீடு. பந்து கேட்டால் அரைப் பந்து. புத்தகம் கேட்டால் ஒரே ஒரு அட்டை. நானும் ரொம்பப் பொறுப்பாக என் நோட்டில் "இரண்டு கைச் சைகைகளில் இவனுக்குக் கூடுதல் பயிற்சி தேவை" என்று எழுதி, அதற்கென்றே மூன்று வாரம் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்கி, பொறுமையின் சிகரமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம், என்னோடு சேர்ந்து பாடம் எடுக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: "இன்னொரு கையில போன் இருக்கு."

அதைப் படித்துவிட்டு நான் என் நெற்றியில் அடித்துக்கொண்ட சைகைக்கு எந்த அகராதியும் வேண்டாம்.

திருச்சியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வேலையில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை காட்ட வேண்டும், மரம் நடுவதும் மைதானம் கூட்டுவதும் போக மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தேடியபோது ஒரு தன்னார்வக் குழு ஆன்லைனில் ஆள் எடுத்தது. ஹாஸ்டல் அறையை விட்டு நகர வேண்டாம் என்பது அப்போது எனக்குப் பிடித்த பெரிய அம்சம். காது கேளாத குழந்தைகள், நாலு வயது முதல் ஏழு வயது வரை, ஒரு வகுப்பில் ஆறு பேர், சனி ஞாயிறு மாலை ஆறரைக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேர்: காது கேளாத ஆசிரியர் ஒருவர், கேட்கும் மாணவர் ஒருவர். பாடம் அக்காவுடையது. படங்கள் தயார் செய்வது, பெற்றோரோடு போனில் பேசுவது, லிங்க் அனுப்புவது, அக்கா கற்றுக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பப் பழக்குவது என்னுடையது. கேட்கும் ஆட்களை அவர்கள் "ஹியரிங்" என்பார்கள். இருபது வருடமாக எனக்கு அப்படியொரு அடையாளம் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அக்காவை முதன்முதலில் வீடியோவில் பார்ப்பதற்கு முன் இரண்டு ராத்திரி யூடியூபில் உட்கார்ந்து ஏ முதல் இசட் வரை விரலெழுத்து பழகியிருந்தேன். கால் வந்ததும் ஒரே கையில் என் பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டினேன், ஜம்மென்று. அவர் முழுதும் பார்த்தார். பக்கத்திலிருந்த அவருடைய தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்துச் சொன்னது: "அழகா இருக்காம். ஆனா அது அமெரிக்காவாம்."

நம் ஊரில் ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும், பிரிட்டிஷ்காரர்கள் செய்வதற்கு நெருக்கமான முறை. அமெரிக்கர்கள் ஒற்றைக் கையில் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் சைகை மொழியின் வேர் பிரான்ஸில் இருக்கிறது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இரண்டு நாட்டுக் காது கேளாதவர்களும் சந்தித்தால் ஒருவர் சைகை மற்றவருக்குப் பிடிபடாது. "சைகைதானே, உலகம் பூரா ஒண்ணுதானே?" என்று என்னிடம் கேட்காத ஹாஸ்டல் தோழி கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதால் கோபம் வருவதில்லை. (யோசித்துப் பார்த்தால் போன் பிடித்த அந்தப் பையனுக்கு அமெரிக்க எழுத்துதான் வசதியாக இருந்திருக்கும். அக்காவிடம் இதைச் சொன்னபோது முறைத்தார்.)

குழந்தைகளின் நிஜப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்குச் சைகைப் பெயர் இருக்கிறது, அது போதும். ஒருவருடைய முகத்திலோ பழக்கத்திலோ பளிச்சென்று தெரியும் ஏதாவது ஒன்றை வைத்து, காது கேளாதவர்கள் வைக்கும் பெயர் அது. நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அக்காவுக்கு நெற்றியில் ஒரு சுருள் முடி எப்போதும் வந்து விழும், விரலால் அந்தச் சுருளைச் சுழற்றிக் காட்டினால் அக்கா. ரெட்டைச் சடை ஒருத்தி, கன்னக்குழி ஒருத்தி, வாட்ச் என்று ஒருவன், எந்நேரமும் சட்டைக் காலரைக் கடிக்கும் ஒருவன். பாதிக் கூரைக்காரனுக்கு முன்பல் விழுந்திருந்ததால் அவன் பெயர் முன்பல். இப்போது பல் முளைத்துவிட்டது, பெயர் மாறவில்லை. எனக்கு இரண்டு மாதம் பெயரே இல்லை. பிறகு ஒருநாள் கன்னக்குழி, மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுகிற மாதிரி செய்து என்னைச் சுட்டிக் காட்டினாள். மற்ற ஐந்து பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் செய்கிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

ஜூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது காது கேட்கிறவர்களுக்காகச் செய்யப்பட்ட பொருள். யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைத்தான் அது பெரிதாகக் காட்டும். எங்கள் வகுப்பில் அக்கா அற்புதமாகக் காக்கா கதை சொல்லிக்கொண்டிருப்பார், வாட்ச் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், உடனே மற்ற ஐந்து குழந்தைகளின் போனிலும் அக்கா போய் வாட்ச் வந்து நிற்பான், மூக்கில் விரலோடு. எல்லோரையும் மியூட்டில் போட்டு, அக்காவை ஸ்பாட்லைட்டில் நிறுத்தி வைக்கும் வித்தையைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் இரண்டு வாரம் போய்விட்டது. ஆகவே எங்கள் வகுப்பு முழு மௌனம். வெளியிலிருந்து யாராவது என் அறைக்குள் எட்டிப் பார்த்தால், ஒருத்தி லேப்டாப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, கன்னத்தை உப்பி, கையை ஆட்டிக்கொண்டிருப்பதுதான் தெரியும். ரூம்மேட் இரண்டு தடவை வீடியோ எடுத்திருக்கிறாள்.

நேரில் என்றால் ஒரு குழந்தை கவனிக்கவில்லையென்றால் தோளைத் தொடலாம், லைட்டை அணைத்துப் போடலாம். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோளை எப்படித் தொடுவது? நான் என் அறை டியூப்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அது முதலில் வார்டனின் கவனத்தைத்தான் ஈர்த்தது. கடைசியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கேமரா முன் விசிறுவது என்று ஆனது. சிக்னல் பலவீனமாக இருந்தால் கை பாதி வழியில் உறைந்து நிற்கும், பேச்சு விட்டுவிட்டு வந்தாலாவது ஊகிக்கலாம், சைகையில் இயக்கம்தான் சொல்லே, அது போனால் எல்லாம் போச்சு. பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம் வந்தால் முகம் கறுத்துவிடும். பின்னணிப் படம் போட்டால் விரல்களை அது தின்றுவிடும். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் ஜூம் தானாக வெட்டிவிடும், அது சரியாகக் கதையில் நரி வாயைத் திறக்கும்போதுதான் நடக்கும்.

முகம் கறுப்பது ஏன் பெரிய பிரச்சினை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கை தெரிந்தால் போதாதா? என் முதல் வகுப்பு முடிந்ததும் அக்கா அனுப்பிய விமர்சனம்: "கை சரி. முகம் ரேஷன் கார்டு போட்டோ." நான் ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் செய்தேன், ஆனால் குழந்தைகள் பதிலே சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் நான் கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை. "நீ சாப்பிட்டாய்", "நீ சாப்பிட்டாயா" இரண்டுக்கும் கை ஒன்றேதான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் முடிந்தது. தமிழில் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருமே ஒரு "ஆ", அது இங்கே புருவத்தில் இருக்கிறது. புருவம் ஏறவில்லையென்றால் கேள்வி இல்லை. நான் அரைமணி நேரம் ஆறு குழந்தைகளிடம் "நீ சாப்பிட்டாய், உனக்குப் பால் பிடிக்கும், நீ பள்ளிக்கூடம் போனாய்" என்று தகவல் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களும் சரி, தெரியும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும்: உன் பெயர் என்ன. மறுப்பும் கடைசியில்: நான் பள்ளி போ இல்லை. வேற்றுமை உருபெல்லாம் கழற்றிவிட்ட தமிழ் மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் யோசித்துச் செய்தால் கால் இடறும், தமிழில் யோசித்தால் பாதி தூரம் தானே போய்விடும். சொற்களும் நம் ஊர்ச் சொற்கள். மீசையை முறுக்கினால் ஆண், மூக்குத்தி போடும் இடத்தில் விரல் வைத்தால் பெண். மீசை இல்லாத அப்பாக்களைப் பற்றிக் கன்னக்குழி ஒரு நீண்ட ஆட்சேபம் எழுப்பினாள், அவளுடைய அப்பா மழுங்கச் சிரைத்த முகத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்லியிலிருக்கும் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் தொடங்கியது. அவர்களுடைய அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000ஐத் தொட்டது. அந்த வீடியோக்கள் எல்லாம் இலவசம், சைன் லேர்ன் என்று ஒரு செயலியும் இருக்கிறது, சேர விரும்புகிறவர்கள் என்னை மாதிரி அமெரிக்காவுக்குப் போய்ச் சுற்றாமல் நேராக அங்கே போகலாம். ஆனால் அகராதியில் பார்த்துவிட்டு வந்து நான் காட்டும் நிறங்களையும் கிழமைகளையும் பாதி நேரம் அக்கா திருத்துவார். ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறுகிற சொற்கள் அவை. நெல்லையிலும் கோவையிலும் ஒரே தமிழா பேசுகிறோம்? அப்படியென்றால் குழந்தைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டேன். இரண்டையும் என்றார். குழந்தைகளுக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை, சிரமப்பட்டது நான் மட்டும்தான்.

சரி, கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். ரெட்டைச் சடையின் அம்மா ஒரு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பாப்பாவுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து வைக்கும் கேட்கும் மெஷின், பொருத்தியிருக்கிறார்கள், ஆறு வயதுக்குள் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை, அந்த அம்மா இரண்டு வருடமாக வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ் ஏறி அழைத்துப் போகிறார். அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். "கையைக் காட்டிப் பழகிட்டா வாயைத் திறக்கவே மாட்டாளாமே, நெசமாம்மா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இல்லைங்கக்கா, அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ உளறி வைத்துவிட்டேன், அந்தப் பக்கம் நம்பின மாதிரி தெரியவில்லை.

இந்தப் பயத்துக்கு வயது ரொம்ப அதிகம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கென்று ஒரு மாநாடு நடந்தது, வந்திருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் ஆட்கள். சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளியில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க அதே மாநாட்டு வரிசைக்கு 2010 வரை ஆயிற்று, வான்கூவரில். நடுவில் 130 வருடம். அந்த 130 வருடத்தின் வால் நுனியில்தான் எங்கள் அக்கா படித்திருக்கிறார். வகுப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், டீச்சரின் உதட்டையே பார்க்க வேண்டும். "மொழி எங்களுக்கு பாத்ரூம் பக்கத்துல, இன்டர்வல்லதான் கிடைச்சது" என்று எழுதினார். பெரிய அக்காமார்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பத்து நிமிட இடைவேளையில்.

சைகை பழகினால் பேச்சு தடைப்படும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. முதல் ஐந்து வருடத்தில் ஏதாவது ஒரு மொழி, எதுவானாலும் சரி, முழுதாகக் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து, அந்த வயது போனால் திரும்ப வராது. இதை அந்த அம்மாவிடம் இரண்டாம் முறை கூப்பிட்டுச் சொன்னேன். அக்காவின் கதையையும் சொன்னேன், அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான். மெஷினைக் கழற்ற வேண்டாம், தெரபியை நிறுத்த வேண்டாம், அது ஒரு பக்கம் ஓடட்டும், ராத்திரி தூங்கும்போது மெஷினைக் கழற்றி வைத்த பிறகு பாப்பாவுக்கு வயிறு வலித்தால் உங்களிடம் எப்படிச் சொல்வாள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அடுத்த சனிக்கிழமை ரெட்டைச் சடை வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை. அப்புறம் வந்தாள். இன்றுவரை அப்படித்தான் போகிறது, நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

என் குறை இதில்தான். இந்தக் குழந்தைகள் ஆறு பேருக்கும் அப்பா அம்மா கேட்கும் ஆட்கள். வாரத்துக்கு எண்பது நிமிடம் எங்களிடம் கையால் பேசுகிறார்கள், மிச்ச நேரமெல்லாம் வீட்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. பெரியவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம் என்று குழுவில் சொன்னேன். நேரம் ஒத்துவராது, யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். வைத்துப் பார்த்தோம், நிஜமாகவே யாரும் வரவில்லை. முதல் வாரம் இரண்டு பேர், இரண்டாம் வாரம் நானும் அக்காவும் மட்டும். மில் ஷிப்ட், ரேஷன் கடை, பெரிய பிள்ளைக்குப் பரீட்சை. யாரைக் குறை சொல்ல?

முன்பல்லுக்கு வருகிறேன். போனை எதன் மேலாவது சாய்த்து வையுங்கள் என்று அவன் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சொம்பில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், வழுக்கி விழுந்து டிஸ்ப்ளேயில் கீறல். வீட்டில் இருப்பது ஒரே போன். அதற்குப் பிறகு அவனுடைய அப்பத்தா, சாய்க்கிற கதையே வேண்டாம் என்று தானே பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பேரனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடமும். எனக்கு அவர் தெரியமாட்டார், நானும் அவருக்குத் தெரியமாட்டேன். போனின் ஓரத்தில் சில நேரம் கட்டை விரல் மட்டும் தெரியும், நகத்தில் மருதாணிக் கறை. படம் நடுங்கும். அவர் சிரித்தால் முன்பல்லின் வீட்டில் நிலநடுக்கம். ஆனால் கூரை முழுதாக வந்துவிட்டது. முதல் நாள் இரண்டு கையாலும் வீடு போட்டபோது அக்கா கையிரண்டையும் மேலே தூக்கி ஆட்டினார், அது எங்கள் கைதட்டல், ஆறு சதுரங்களிலும் கைகள் ஆடின.

கொஞ்ச நாளில் அவனிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் ஏதாவது காட்டினால் அதைத் திருப்பிச் செய்துவிட்டு, கண்ணைக் கேமராவுக்கு மேலே தூக்கி இன்னொரு தடவை செய்வான், மெதுவாக, பெரிதாக, சில சமயம் மூன்று தடவை. கவனம் சிதறுகிறது என்று நோட்டில் எழுதினேன். (அந்த நோட்டை எரித்துவிடலாம் என்றிருக்கிறேன்.) சிவப்பு அட்டையை விசிறினால் என்னைப் பார்த்து "இரு" என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு மறுபடி மேலே பார்ப்பான். ஒருநாள் "பூனை" காட்டிவிட்டு மேலே பார்த்தவன் முகத்தைச் சுளித்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, கையை நீட்டி எதையோ பிடித்துத் திருத்தினான். படம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. போனைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றுதான் அவனிடம் பூனை கற்றுக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, மற்ற எல்லோரும் டாட்டா காட்டிப் போய்விட்டார்கள், அக்காவும் போய்விட்டார், முன்பல் தண்ணீர் குடிக்க எழுந்து ஓடிவிட்டான். திரையில் சுவரும் தினசரிக் காலண்டரும் மட்டும். கட் பண்ணப் போனேன், படம் ஆடியது. ஃபேன் தெரிந்தது, ஓடு தெரிந்தது, அப்புறம் மிகப் பக்கத்தில் ஒரு முகம், திரை நிறைய, நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்து. அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். என் குரலை ஒருநாளும் கேட்டதில்லை, வகுப்பே மௌனம், பேசுவதெல்லாம் மருமகளோடு வாய்ஸ் மெசேஜில்தான். அதனால் எனக்கும் காது கேட்காது என்றுதான் நினைத்திருப்பார் போல. போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். புருவம் இரண்டும் நன்றாக மேலே ஏறி நின்றன.

எங்கள் மெஸ்ஸில் ஏழரைக்குத்தான் சாப்பாடு. இன்னும் இல்லை என்று நான் கையைத் தூக்குவதற்குள் ஜூம் வெட்டிவிட்டது.